ஸ்மார்ட் போர்டா, மணல் எழுத்தா? அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியின் வாழ்க்கை சொல்லும் பதில்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயிலால் பக்தர்களுக்குத் தெரிந்த ஊர். மற்றபடி வயல், ஆற்று மணல், புளியமரம் என்று வட தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களைப் போன்றதுதான்.

இப்படிப்பட்ட கிராமங்களில் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்குள் கடந்த சில ஆண்டுகளில் தொழில்நுட்பம் வேகமாக வந்து சேர்ந்திருக்கிறது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. பிறகு ஆசிரியர் கையில் டேப்லெட், சுவரில் ஸ்மார்ட் போர்டு. இதே காலத்தில்தான், 2022 ஜூனில், அட்டைகளும் பாட்டும் விளையாட்டுமாக எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கியது.

ஆக, ஒரே வகுப்பறையில் திரையும் இருக்கிறது, தொட்டுப் பார்க்கும் பொருளும் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு நாளில் கிடைப்பதோ சில மணி நேரம்தான். அதில் எதற்கு எவ்வளவு நேரம்? முதலில் எது?

ஏறத்தாழ 120 வருஷத்துக்கு முன்பே இதன் வேரைத் தொட்டு ஆராய்ந்தவர் மரியா மாண்டிசோரி. நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரு முனையில் இருக்கும் நர்சரி பள்ளியின் போர்டில் பார்த்ததுதான். ஆனால் அவர் இரண்டாம் உலகப் போர் ஏறத்தாழ முழுக்க இந்தியாவில் இருந்தார். தொடக்கப் பள்ளி வயதுக்கான அவருடைய முறை வளர்ந்தது நம்ம கொடைக்கானலில். அந்தக் கதையைப் பார்ப்போம்.

இன்ஜினியர் ஆக நினைத்த பெண்

1870 ஆகஸ்ட் 31 அன்று, இத்தாலியின் அங்கோனா நகருக்கு அருகே உள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். அப்பா அலெஸாண்ட்ரோ, நிதித்துறை அதிகாரி. அம்மா ரெனில்டே, அந்தக் காலத்துப் பெண்களில் அதிகம் படித்தவர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

ஆசிரியை ஆவதுதான் அன்றைக்குப் படித்த பெண்ணுக்கு இருந்த ஒரே மரியாதையான வழி. மரியாவுக்கு அது பிடிக்கவில்லை. 13 வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது ஆசை. பிற்பாடு மனம் மாறி மருத்துவம் படிக்க முடிவு செய்தார். அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. அம்மா பக்கபலமாக நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண்களோடு சேர்ந்து உடற்கூறு வகுப்பில் நிற்பது பெண்ணுக்குத் தகாது என்றார்கள். அதனால் எல்லாரும் போன பிறகு, பிணவறையில் தனியாக நின்று அவர் அறுவைப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. 1896-ல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் சில பெண் மருத்துவர்களில் அவர் ஒருவர்.

இது ஏன் முக்கியம்? கையால் கற்பதைப் பற்றிப் பேசியதால் மாண்டிசோரியைத் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர் கணக்கும் இயந்திரமும் படிக்க விரும்பிப் போனவர். பள்ளிக்குள் அவர் கொண்டு வந்ததும் ஒரு மருத்துவரின் பழக்கம்தான்: முதலில் கவனி, குறித்து வை, அப்புறம் முடிவு செய்.

கை வழியாகப் போன பாடம்

பட்டம் பெற்ற பிறகு ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை அப்போது பெரியவர்களுக்கான மனநலக் காப்பகங்களிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் சுவர், வெறும் தரை. சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் சிந்திய ரொட்டித் துண்டுகளை அந்தக் குழந்தைகள் பொறுக்கி உருட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனித்ததாகச் சொல்வதுண்டு. பசியால் செய்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கையில் பிடிக்க அங்கே வேறெதுவும் இல்லை என்பது மரியாவுக்குப் புரிந்தது.

இதார், செகாங் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் எழுத்துகளைத் தேடிப் படித்தார். புலன்கள் மூலம் அறிவை எழுப்ப முடியும் என்று முயன்றவர்கள் அவர்கள். 1900-ல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளியின் இணை இயக்குநராகி, பகலெல்லாம் குழந்தைகளோடு வேலை செய்தார். படிக்கவே முடியாது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலர் பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. மரியாவின் கவலை வேறு மாதிரி இருந்தது. இந்தக் குழந்தைகளே தேறுகிறார்கள் என்றால், சாதாரணப் பள்ளியில் படிக்கும் ஆரோக்கியமான குழந்தைகள் ஏன் இவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள்?

இதே ஆண்டுகளில் அவர் வாழ்க்கையில் பெரிய வலி ஒன்றும் இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஜுசெப்பே மாண்டெசானோவுடன் உறவு. 1898-ல் மகன் மரியோ பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. திருமணம் ஆகாத தாய் என்று வெளியே தெரிந்தால் அன்றைய சமூகத்தில் அவருடைய வேலையே முடிந்துபோயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர விட்டார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார், அம்மா என்று சொல்லிக்கொள்ள முடியாது. உலகத்துக் குழந்தைகளைப் பற்றிப் பேசியவர் தன் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் ஏறத்தாழ 15 வருஷம் இருந்தார்.

சான் லொரென்சோவின் 58-ம் எண் வீடு

ரோமின் சான் லொரென்சோ அப்போது ஏழைத் தொழிலாளிகள் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டுமான நிறுவனம் குடியிருப்புகளைப் புதுப்பித்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகள் சுவரில் கிறுக்குவதும் மாடிப்படியைக் கெடுப்பதுமாக இருந்தார்கள். இவர்களை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மரியாவைக் கேட்டார்கள்.

1907 ஜனவரி 6 அன்று மார்சி தெருவில் 58-ம் எண் கட்டிடத்தில் குழந்தைகள் இல்லம் திறந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள். பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. சிறப்புப் பள்ளிக்காகச் செய்திருந்த மரப் பொருள்களை மரியா கொண்டு வந்து வைத்தார், தள்ளி நின்று பார்த்தார்.

முதலில் பொருள்களை அலமாரியில் பூட்டி வைத்து, டீச்சர்தான் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார்கள். குழந்தைகள் தாங்களே எடுத்து வந்து வேலையில் இறங்கியிருந்தார்கள். இதைத் திருட்டு என்று டீச்சர் நினைத்தார், தேர்வு என்று மரியா எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பூட்டிய அலமாரிக்குப் பதில் குழந்தை எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள். குழந்தை தூக்கும் எடையில் நாற்காலி. இன்றைக்கு எந்த மழலையர் பள்ளிக்குப் போனாலும் பார்க்கும் குட்டி நாற்காலி, குட்டி மேஜை பரவியதில் அந்த அறைக்குப் பெரிய பங்கு உண்டு.

மாடியில் எழுதிய முதல் வார்த்தை

எழுத்து சொல்லிக்கொடுப்பது மரியாவின் திட்டத்திலேயே இல்லை. பெற்றோர்தான் கேட்டார்கள். மரத்தில் எழுத்து செய்ய விலை மலிவாக ஆள் கிடைக்கவில்லை. அதனால் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை அந்தச் சொரசொரப்பான எழுத்தின் மேல் விரலை ஓட்டும், கூடவே அதன் ஒலியைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

டிசம்பர் மாதம், நல்ல வெயில். குழந்தைகளோடு மாடியில் இருந்தபோது, ஐந்து வயதுச் சிறுவனிடம் சாக்பீஸைக் கொடுத்து எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் மரியா. வரைந்தான். பாராட்டினார். அவன் திடீரென்று தரையில் மண்டியிட்டு ஒரு வார்த்தையை எழுதினான். அதுவரை அவன் எதையும் எழுதியதில்லை. எழுதிய அந்த முதல் வார்த்தைக்கு இத்தாலிய மொழியில் கை என்று அர்த்தம். பின்னாலேயே புகைபோக்கி, கூரை என்று எழுதிக்கொண்டே போனான். அடுத்த நாட்களில் மற்றக் குழந்தைகளும் ஆரம்பித்தார்கள்.

எப்படி நடந்தது? எழுதுவது என்பது ஒரே வேலை கிடையாது. விரலுக்கு எழுத்தின் பாதை பழக வேண்டும், பேனாவைப் பிடிக்கும் தசைக்குப் பலம் வர வேண்டும், ஒலியை எழுத்தோடு இணைக்க வேண்டும். இவற்றைத் தனித்தனி விளையாட்டாக மாதக்கணக்கில் பழகியிருந்தார்கள். எல்லாம் சேர்ந்த நாளில் எழுத்து தானாக வந்தது.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. நம்ம திண்ணைப் பள்ளிகளில் குழந்தை மணலில் விரலால் எழுதித்தான் அரிச்சுவடி பழகியது. 1790-களில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கும், பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டு போனார். மெட்ராஸ் முறை என்றே அதற்குப் பெயர். இன்றும் விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதுவும் இந்த மரபுதான்.

தவறைப் பொருளே சொல்லும்

மாண்டிசோரி பொருள்களில் ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய கல்வி ஆப்களோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும்.

ஒரு மரக்கட்டையில் பத்து குழிகள். ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஒரு உருளை. தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும். யாரும் தப்பு என்று சொல்லத் தேவையில்லை. குழந்தையே பார்த்துத் திருத்தும். ஆப்பில் தப்பு செய்தால் சிவப்பு வரும், சரியாகச் செய்தால் நட்சத்திரம் வரும். ஏன் தப்பு என்று திரை காட்டாவிட்டால் குழந்தை அடுத்த பட்டனை அமுக்கிப் பார்க்கும். நட்சத்திரத்துக்காக விளையாடுவதும், விஷயம் புரிந்து செய்வதும் வேறு வேறு. பரிசும் தண்டனையும் வேண்டாம் என்று மரியா சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

கணக்கில் தங்க நிற மணிகள். ஒன்று என்றால் ஒரு மணி. பத்து என்றால் பத்து மணி கோர்த்த கம்பி. நூறு என்றால் பத்துக் கம்பி சேர்ந்த சதுரம். ஆயிரம் என்றால் கனசதுரம். ஆயிரத்தைக் குழந்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கும், கனம் தெரியும். திரையில் 1-க்குப் பக்கத்தில் மூன்று பூஜ்யம் தோன்றினால் அந்தக் கனம் தெரியாது.

புகழும் விமர்சனமும்

1909-ல் வந்த அவருடைய முதல் கல்வி நூல் சில ஆண்டுகளிலேயே பல மொழிகளுக்குப் போனது. 1913-ல் அமெரிக்கப் பயணம். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் அவர் மனைவி மேபலும் மாண்டிசோரி இயக்கத்தின் பெரிய ஆதரவாளர்கள். அந்தக் காலத்தின் உச்சத் தொழில்நுட்பத்தைத் தந்தவர், குழந்தைக்கு மரக்கட்டையும் மணியும் வேண்டும் என்று பணமும் ஆதரவும் கொடுத்தார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் குழந்தைகள் வேலை செய்வதை மக்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

விமர்சனமும் வந்தது. 1914-ல் அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் எழுதிய நூல், இந்தப் பொருள்கள் குழந்தையின் கற்பனைக்கும் சேர்ந்து விளையாடுவதற்கும் போதிய இடம் தரவில்லை என்றது. ஆசிரியர் பயிற்சியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மரியா பிடிவாதம் பிடித்ததும் பலரை விலக்கியது. அமெரிக்காவில் அலை சில ஆண்டுகளிலேயே அடங்கியது.

இன்னொரு கறை, முசோலினி. 1920-களில் இத்தாலிய பாசிச அரசு மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது. மரியா ஏற்றுக்கொண்டார். தானே யோசிக்கும் குழந்தையும் சர்வாதிகாரமும் ரொம்ப நாள் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க முடியாது. 1934-ல் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பார்சிலோனாவையும் விட்டுப் போகச் செய்தது. நெதர்லாந்தில் தங்கினார்.

69 வயதில் அடையாறு

இந்தியாவில் அவர் பெயர் முன்பே பரவியிருந்தது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-லேயே இந்த வழியில் ஒரு பால்மந்திர் தொடங்கியிருந்தார். 1931-ல் லண்டனில் காந்தியும் மாண்டிசோரியும் சந்தித்தார்கள். கைவேலை வழியே கல்வி என்ற ஆதாரக் கல்வித் திட்டத்தைக் காந்தி முன்வைத்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து.

1939 நவம்பரில் மரியாவும் மரியோவும் சென்னைக்கு வந்தார்கள். அழைத்தவர்கள் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய அவர் மனைவி ருக்மிணி தேவியும். மரியாவுக்கு வயது 69. அடையாறில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. இந்தியா முழுவதிலும் இருந்து சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் அரசின் கணக்கில் அம்மாவும் மகனும் எதிரி நாட்டவர். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

1940 ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாள். அந்த நாளில் அரசு மரியோவை விடுவித்தது. அவர் மகனைப் பிறந்தநாள் பரிசாகத் திருப்பி அனுப்புவதாக வந்த செய்தியில் இருந்தது. அதுவரை வெளியாரிடம் வளர்ப்பு மகன், உறவினர் என்றே சொல்லப்பட்டு வந்தவர் மரியோ. மகன் என்று அதிகாரபூர்வமாக எழுதியது ஒரு அந்நிய அரசு. 42 வருஷம் மறைத்து வைத்த உண்மை அடையாறில் வெளிச்சத்துக்கு வந்தது.

கொடைக்கானலில் பிறந்த பாடத்திட்டம்

1942 முதல் 1944 வரை அம்மாவும் மகனும் கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே உள்ளூர்க் குழந்தைகளும் வெளிநாட்டுக் குழந்தைகளும் சேர்ந்த சின்னப் பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே போன்றவர்கள் கூட இருந்து உழைத்தார்கள்.

அதுவரை மாண்டிசோரி என்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயது. இங்கேதான் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான முறை, அதாவது நம் தொடக்கப் பள்ளி வயதுக்கான முறை, வடிவம் பெற்றது. மலையில் குழந்தைகள் இலை, பூ, பூச்சி, பாறை என்று கண்ணில் பட்டதை எல்லாம் பற்றிக் கேள்வி கேட்டார்கள். அறைக்குள் இருக்கும் மணியும் கட்டையும் அதற்குப் போதவில்லை. எனவே பூமி எப்படி வந்தது, உயிர் எப்படி வந்தது, மனிதன் எப்படி எழுதவும் எண்ணவும் ஆரம்பித்தான் என்று பெரிய கதையாகச் சொல்லி, அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் கிளை பிரிப்பது என்று அமைத்தார்கள். பிரபஞ்சக் கல்வி என்று அதற்குப் பெயர்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். மூன்று, நான்கு வயதில் கைக்கு எட்டிய பொருள் போதும். ஏழு, எட்டு வயதில் கைக்கு எட்டாததும் தெரிய வேண்டும்: எரிமலை, கடலடி, நட்சத்திரம். மாண்டிசோரி அதற்குப் படம், காலக்கோட்டு அட்டை, சிறு செய்முறைச் சோதனை, கதை ஆகியவற்றைப் பயன்படுத்தினார். இன்று அந்த வேலையின் ஒரு பகுதியை ஒரு நல்ல வீடியோ செய்ய முடியும். வயதுக்கு ஏற்ப கருவி மாறும் என்பதை அவர் முறையே காட்டுகிறது.

1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1947-ல் மீண்டும் இந்தியா வந்தார். அவரிடம் இங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். குழந்தையின் உள்வாங்கும் மனதைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல், இந்தியாவில் நடத்திய வகுப்புகளிலிருந்து உருவாகி, 1949-ல் அடையாறு பதிப்பகத்தில்தான் முதலில் வெளியானது. 1949, 1950, 1951 என மூன்று முறை அமைதி நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் நகரில், 81 வயதில் இறந்தார். யூரோ வருவதற்கு முன் இத்தாலியின் 1,000 லீரா நோட்டில் இருந்தது அவர் முகம்தான்.

ஏழைப் பள்ளியிலிருந்து ஃபீஸ் பள்ளிக்கு, மறுபடி அரசுப் பள்ளிக்கு

மாண்டிசோரி முறை பிறந்தது கூலித் தொழிலாளிகளின் குழந்தைகளிடம். ஆனால் பொருள்கள் விலை அதிகம், பயிற்சிக்குச் செலவு அதிகம். மெதுவாக அது வசதியானவர்களின் பள்ளிகளுக்குப் போய்விட்டது. அந்தப் பெயர் யாருக்கும் தனி உரிமை இல்லை என்பதால், ஒரு மரக்கட்டைகூட இல்லாத இடத்திலும் போர்டு மட்டும் தொங்கலாம். பெற்றோர் பள்ளியைத் தேர்வு செய்யும்போது பெயரைவிட உள்ளே குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் இந்த ஓட்டம் ஒருமுறை திசை திரும்பியது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் சோதனையாகத் தொடங்கியது. முன்னின்றவர் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி உருவாக்கிய அட்டை முறை இதற்கு வழிகாட்டி, அதற்குப் பின்னால் மாண்டிசோரியின் சிந்தனையும் உண்டு. 2007 வாக்கில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. குழந்தை எட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் வட்டமாக உட்காரும் குழு, தன் வேகத்தில் ஏறும் ஏணிப்படி அட்டைகள், பிள்ளைகளோடு தரையில் உட்காரும் டீச்சர். 1990-களில் பள்ளிக்குப் போனவர்களுக்கும் 2010-களில் போனவர்களுக்கும் நினைவில் இருக்கும் ஒன்றாம் வகுப்பு வேறு மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

குறையும் இருந்தது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. அட்டையை முடிப்பதே குறிக்கோள் என்று சில இடங்களில் இயந்திரத்தனமாகிவிட்டது. கையில் பொருளைக் கொடுத்தால் மட்டும் கற்றல் நடந்துவிடாது, பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஆள் வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

அப்போ ஸ்மார்ட் போர்டு வேண்டாமா?

வேண்டும். எதற்கு என்பதுதான் விஷயம். தெரிந்த ஆதாரங்களைப் பார்ப்போம்.

2006-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குலுக்கல் முறையில் மாண்டிசோரி அரசுப் பள்ளியில் இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காத குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு சயன்ஸ் இதழில் வந்தது. ஐந்து வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் மாண்டிசோரி குழந்தைகள் முன்னால் இருந்தார்கள். 12 வயதில் அந்த இடைவெளி குறைந்தது, எழுதுவதிலும் பழகுவதிலும் வித்தியாசம் தெரிந்தது. அதாவது கைவழிப் பாடத்தின் பலன் சின்ன வயதில் அதிகம்.

2024-ல் நார்வே ஆய்வாளர்கள் 36 கல்லூரி மாணவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். தட்டச்சு செய்யும்போதைவிடக் கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கு இடையே தொடர்பு அதிகம். இதில் ஒரு சுவாரசியம்: அவர்கள் கையால் எழுதியது டிஜிட்டல் பேனா கொண்டு தொடுதிரையில். திரை இருந்ததால் பலன் போய்விடவில்லை. கை எழுத்தின் வடிவத்தை வரைந்ததா, பட்டனை அமுக்கியதா என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது.

2023-ல் யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கை, கல்வித் தொழில்நுட்பம் கற்றலை மேம்படுத்துகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் குறைவு என்றது. அதே ஆண்டு, டிஜிட்டலில் முன்னோடியான ஸ்வீடன் சின்ன வகுப்புகளுக்கு அச்சுப் புத்தகத்தை மறுபடி கொண்டு வர ஆரம்பித்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிராமத்துப் பள்ளிகளில் பல இடங்களில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் கழித்தல் சொல்லும்போது, ஐந்தாம் வகுப்பு இருபது நிமிடம் இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்தால் அது வீண் இல்லை. கடல் பார்க்காத குழந்தைக்குக் கடலடியைக் காட்டவும், ஆங்கில உச்சரிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கவும், யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று குறித்து வைக்கவும் கருவி உதவும்.

இதையெல்லாம் சேர்த்தால் எளிய வரிசை ஒன்று கிடைக்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்பில் எழுத்து, எண், அளவு ஆகிய மூன்றும் முதலில் கை வழியாக வரட்டும், திரை அப்புறம். மூன்றாம் வகுப்புக்கு மேல், பக்கத்தில் கிடைப்பதைத் தொட்டுப் படிக்கட்டும், கிடைக்காததைத் திரையில் பார்க்கட்டும். திரையில் பார்த்த பிறகு வரைவதோ, செய்வதோ, பேசுவதோ ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். டீச்சரின் டேப்லெட் பதிவு செய்யும் வேலையைக் குறைக்க வேண்டும். குழந்தையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் டீச்சர் ஆப்பில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால், தொழில்நுட்பம் வகுப்பின் மிக முக்கியமான விஷயத்தை எடுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

மாகறல் மாதிரி ஊருக்கு என்ன கிடைக்கும்?

தங்க மணிகளை இத்தாலியிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஒரு குச்சி, பத்துக்கு ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு, நூறுக்குப் பத்துக் கட்டு. புளியங்கொட்டை எண்ண உதவும். செய்யாற்று மணலைச் சலித்து ஒரு தட்டில் பரப்பினால் எழுத்துப் பலகை. உப்புத்தாள் உள்ளூர் ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். மாண்டிசோரியும் மரத்துக்குக் காசு போதாமல்தான் அந்தத் தாளுக்குப் போனார்.

வசதியான நகரத்துப் பெற்றோர் பணம் கட்டித் தங்கள் பிள்ளைக்கு மரக்கட்டையும் மண்ணும் வாங்குகிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு மண் இலவசமாக இருக்கிறது, அரசு திரையும் தருகிறது. இரண்டும் ஒரே அறையில் இருக்கும் வாய்ப்பு இப்போது அரசுப் பள்ளிக்குத்தான் அதிகம். பாடத்தை மணல் தட்டில் ஆரம்பித்துவிட்டு, ஸ்மார்ட் போர்டை அதற்குப் பிறகு ஆன் செய்தால் போதும்.